சுற்றி வரும் சரக்கு

2017-இல் அமெரிக்கா வெளிநாடுகளில் வாங்கிய ஒவ்வொரு 100 டாலர் சரக்கிலும் ஏறத்தாழ 22 டாலர் சரக்கு சீனாவிலிருந்து வந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் டிரம்ப் அரசு சீனப் பொருள்கள்மீது கூடுதல் சுங்கவரி போடத் தொடங்கியது. பிறகு பைடன் வந்தார்; அவரும் அந்த வரியை எடுக்கவில்லை. 2024-இல் 22 டாலர் 13 டாலர் சில்லறையாகச் சுருங்கிவிட்டது. வரி வேலை செய்துவிட்டது என்று வாஷிங்டனில் மார்தட்டிக்கொள்ளலாம்.

சீனாவின் கணக்கைப் புரட்டினால் அந்தப் பெருமிதம் நிற்காது. உலகத்தோடு நடத்திய சரக்கு வணிகத்தில் 2017-இல் சீனாவுக்குக் கிடைத்த உபரி சுமார் 42,000 கோடி டாலர். 2024-இல் அது 99,000 கோடி டாலரைத் தாண்டியது. பெரிய வாடிக்கையாளர் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஏழே ஆண்டுகளில் கடையின் மிச்சம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது.

உலகமயம் முடிந்துவிட்டது என்று கடந்த பத்தாண்டுகளாகத் தலையங்கங்கள் இரங்கல் பாடிவருகின்றன. சரக்கு எங்கும் நின்றுவிடவில்லை. நேர்வழியில் வேலி போட்டால் அது சுற்றிக்கொண்டு போகிறது. அப்படிச் சுற்றிப் போகும் வழியில் இருக்கும் நாடுகளுக்கு அதிலிருந்து என்ன தங்குகிறது என்பதைப் பார்த்தால்தான் இன்றைய வணிகத்துக்கும் வளர்ச்சிக்கும் உள்ள உறவு விளங்கும்.

முதலில் வேகத்தைப் பற்றி. 1990 முதல் 2007 வரை உலக வணிகம் உலக உற்பத்தியைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. ஏற்றுமதியையும் இறக்குமதியையும் கூட்டினால் 1970-களின் தொடக்கத்தில் அது உலக மொத்த உற்பத்தியில் கால் பங்கைச் சற்றே தாண்டியிருந்தது. 2008-இல் 60 விழுக்காட்டைத் தொட்டது. இவ்வளவு பெரிய பாய்ச்சலுக்குப் பொருளாதார அறிஞர்கள் பல காரணம் சொல்வார்கள். அவற்றில் மிகவும் சாதாரணமாகத் தெரிவது ஓர் இரும்புப் பெட்டி. 1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நூவர்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்கு 'ஐடியல் எக்ஸ்' என்ற பழைய எண்ணெய்க் கப்பல் 58 பெட்டிகளோடு கிளம்பியது. யோசனை, மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளியுடையது. மூட்டை மூட்டையாக ஏற்றினால் டன்னுக்கு 5 டாலர் 86 சென்ட் ஆன இடத்தில், பெட்டியில் அடைத்து ஏற்றியபோது 16 சென்ட்கூட ஆகவில்லை. சுங்கவரியைக் குறைக்க ஜெனீவாவில் அரசுகள் ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தன; கப்பலில் ஏற்றும் கூலியை அந்தப் பெட்டி கேட்காமலே குறைத்துவிட்டது.

போக்குவரத்துச் செலவு இப்படி விழுந்ததும் ஒரு பொருளை ஒரே ஊரில் செய்யவேண்டிய கட்டாயம் போனது. 2001 டிசம்பர் 11 அன்று உலக வணிக அமைப்பில் சீனா சேர்ந்தது. அதன்பின் உலகத் தொழிற்சாலை ஒன்று பல நாடுகளில் துண்டுதுண்டாக இயங்கத் தொடங்கியது. ஒரு நாட்டில் சிப், இன்னொரு நாட்டில் திரை, மூன்றாவது நாட்டில் பாகங்களைக் கோக்கும் வேலை. ஒவ்வொரு முறை எல்லை தாண்டும்போதும் அதே பாகம் மறுபடி மறுபடி ஏற்றுமதிக் கணக்கில் ஏறியது. வணிகம் உற்பத்தியைவிட வேகமாக வளர்ந்ததில் இந்த மறுகணக்குக்கும் பெரிய பங்கு உண்டு.

இதை அம்பலப்படுத்திய ஆய்வு ஒன்று 2010-இல் வந்தது. ஆசிய வளர்ச்சி வங்கியின் ஆய்வு நிறுவனத்துக்காக யூச்சிங் ஷிங், நீல் டெட்டர்ட் இருவரும் ஐபோன் 3ஜி கருவியின் செலவைப் பாகம் பாகமாகப் பிரித்துக் கணக்குப் போட்டார்கள். தயாரிப்புச் செலவு 178 டாலர் 96 சென்ட். சீனாவில் கோத்த கூலியாக அங்கே தங்கியது 6 டாலர் 50 சென்ட். மீதியெல்லாம் ஜப்பான், ஜெர்மனி, தென்கொரியா, அமெரிக்கா என்று பாகம் செய்தவர்களுக்குப் போனது. ஆனால் அமெரிக்கச் சுங்கப் பதிவேட்டில் அந்தப் போனின் முழுத் தொகையும் சீனாவின் பெயரில்தான் ஏறியது. அமெரிக்கா தன் சொந்தக் கம்பெனியின் போனை இறக்குமதி செய்து, சீனாவோடு தனக்குப் பற்றாக்குறை என்று புகார் சொல்லிக்கொண்டிருந்தது!

கதை அதோடு முடியவில்லை. சில ஆண்டுகள் கழித்து ஷிங் ஐபோன் எக்ஸின் செலவையும் அப்படியே பிரித்துப் பார்த்தார். இந்த முறை சீன நிறுவனங்கள் சேர்த்த மதிப்பு 104 டாலர், மொத்தப் பாகச் செலவில் கால் பங்கு. ஆறரை டாலரிலிருந்து 104 டாலர். சீனாவின் வளர்ச்சியைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ தடித்த நூல்கள் சொல்லும் விஷயம் இந்த இரண்டு எண்களுக்குள் அடங்கிவிடுகிறது. கோக்கும் வேலைக்கு என்று வாங்கிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு, பாகங்களைத் தானே செய்யக் கற்றுக்கொண்டது சீனா.

2008-க்குப் பிறகு உலக வணிகத்தின் வேகம் ஏன் தளர்ந்தது என்பதற்கும் பாதி விடை இதில் இருக்கிறது. 2009-இல் உலக வணிகம் சுமார் 12 விழுக்காடு விழுந்தது. பிறகு எழுந்தது, ஆனால் பழைய ஓட்டம் திரும்பவில்லை. உற்பத்தியும் வணிகமும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் நடக்க ஆரம்பித்தன. சீனா முன்பு வெளியே வாங்கிய பாகங்களை உள்ளே செய்துகொண்டதால் எல்லை தாண்டும் சரக்கு குறைந்தது. சீனாவின் மொத்த உற்பத்தியோடு ஒப்பிட்டால் அதன் வணிகம் 2006-இல் 64 விழுக்காடு. இன்று 40-க்கும் கீழே. மேலும், ஒரு தொழிற்சாலையை நாடுகளுக்கிடையே ஒருமுறைதான் பிரித்துப் போட முடியும். ஆண்டுதோறும் பிரித்துக்கொண்டே இருக்க முடியாது. தளர்ச்சிக்கு டிரம்ப் மீது பழியைப் போடுவது எளிது. அவர் வரி போடுவதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே வேகம் குறைந்துவிட்டது என்பதுதான் பதிவேட்டில் இருப்பது.

வரி வந்த பிறகு மாறியது வழி. 2023-இல் அமெரிக்காவுக்கு அதிகச் சரக்கு அனுப்பும் நாடு என்ற இடத்தைச் சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு சீனாவிடமிருந்து மெக்சிகோ பிடித்தது: மெக்சிகோவிலிருந்து 47,500 கோடி டாலர், சீனாவிலிருந்து 42,700 கோடி. ஆனால் சுற்றுவழியின் முழு உருவத்தையும் பார்க்க வேண்டுமானால் வியட்நாமுக்குத்தான் போகவேண்டும்.

அமெரிக்காவோடு இருபதாண்டுப் போர் நடத்திய நாடு அது. 1986-இல் 'தோய் மோய்' என்ற பெயரில் கதவைத் திறந்தது. அமெரிக்கா தன் வணிகத் தடையை 1994-இல் நீக்கியது, 2001-இல் இரு நாடுகளுக்கும் வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது, 2007-இல் வியட்நாம் உலக வணிக அமைப்பில் சேர்ந்தது. ஹனோய் அருகே பாக் நின் என்றொரு மாகாணம் உண்டு. 'குவான் ஹோ' என்ற எசப்பாட்டு மரபுக்குப் பேர்போன விவசாய ஊர்கள். 2009-இல் யுனெஸ்கோ அந்தப் பாட்டை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு சாம்சங் அங்கே போன் செய்ய ஆரம்பித்தது. 2024-இல் வியட்நாமின் ஏற்றுமதியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு அந்த ஒரே கம்பெனியுடையது.

பலன் கண்ணுக்குத் தெரிகிறது. 1990-களின் தொடக்கத்தில் மக்களில் பாதிக்கு மேல் வறுமையில் இருந்த நாட்டில் இன்று அது ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது. 1990-இல் சுமார் 240 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி 2024-இல் 40,000 கோடியைத் தாண்டியது. அந்த ஆண்டு பொருளாதாரம் 7 விழுக்காடு வளர்ந்தது. ஆனால் அதே 2024-இன் இன்னொரு பக்கத்தையும் படிக்க வேண்டும். அமெரிக்காவுக்கு விற்றது ஏறத்தாழ 12,000 கோடி டாலர். சீனாவிடம் வாங்கியது 14,400 கோடி டாலர். ஏற்றுமதியில் 70 விழுக்காட்டுக்கு மேல் செய்வது அந்நிய முதலீட்டு நிறுவனங்கள். சீனாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் பாகம் வருகிறது, பாக் நின்னிலும் தாய் ங்குயென்னிலும் கோக்கப்படுகிறது, ஹாய் போங் துறைமுகத்தில் ஏறுகிறது.

2025 ஏப்ரலில் டிரம்ப் வியட்நாமுக்கு 46 விழுக்காடு வரி அறிவித்தார். பேரம் பேசி ஜூலையில் அது 20 ஆனது. அதோடு ஒரு வால்: வேறு நாட்டுச் சரக்கு வியட்நாம் வழியாகச் சுற்றி வந்தால் 40 விழுக்காடு. வேறு நாட்டுச் சரக்கு என்று எதைச் சொல்வது? சீனத் துணியை வாங்கி ஹோ சி மின் நகரில் தைத்தால் அந்தச் சட்டை யாருடையது? அறிவிப்பில் இதற்குத் தெளிவான விடை இல்லை.

சுற்றுவழி என்பது புதுக் கண்டுபிடிப்பு என்று யாரும் எண்ண வேண்டாம். 1974-இல் பணக்கார நாடுகள் ஏழை நாடுகளின் துணிமணிக்கு நாடுவாரியாகக் கோட்டா விதித்தன. தென்கொரியாவின் கோட்டா நிரம்பிவிட்டது. தேவூ நிறுவனம் கோட்டா இல்லாத நாட்டைத் தேடியது. வங்கதேசம் கண்ணில் பட்டது. முன்னாள் அரசு அதிகாரி நூருல் காதர் நடத்திய 'தேஷ் கார்மென்ட்ஸ்' நிறுவனத்தோடு 1978-இல் ஒப்பந்தம் ஆனது. அடுத்த ஆண்டு 130 பேர் பயிற்சிக்காகக் கொரியாவின் பூசான் நகரத்துக்குப் போனார்கள். முதல் ஆண்டு விற்பனை 43,000 சட்டைகள்; தொகை 55,000 டாலர். எந்தப் பத்திரிகையும் கண்டுகொள்ளாத தொகை.

பிறகு நடந்ததுதான் விஷயம். அந்த 130 பேரில் 115 பேர் 1980-களில் வேலையை விட்டு வெளியேறினார்கள். சொந்தமாகத் தையல் யூனிட் போட்டார்கள். மற்றவர்கள் போட்ட யூனிட்டுகளுக்குப் போய்த் தொழிலைச் சொல்லிக்கொடுத்தார்கள். தேவூவுக்கு எரிச்சலாக இருந்திருக்கும், வங்கதேசத்துக்கோ அது அதிர்ஷ்டம். வெளிநாட்டு வாங்குபவரின் எல்.சி.யை (வங்கியின் கடனுறுதிக் கடிதத்தை) வைத்தே துணிக்கு இன்னொரு எல்.சி. திறக்கும் முறையையும், வரி கட்டாமல் துணியை இறக்கிவைக்கும் கிடங்கு முறையையும் அரசிடம் போராடி வாங்கித் தந்தது தேஷ். கையில் காசில்லாதவனும் தொழிலில் இறங்க முடிந்தது. 2005 ஜனவரியில் கோட்டா ஒழிந்தபோது வங்கதேசம் மூழ்கிவிடும் என்று பல நிபுணர்கள் கணித்தார்கள். 2024-இல் அதன் ஆயத்த ஆடை ஏற்றுமதி 3,800 கோடி டாலரைத் தாண்டியது. இந்த வளர்ச்சிக்கு உயிர்ப்பலியும் உண்டு: 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவை ஒட்டிய சாவாரில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கட்டடத்தைச் சோதிக்கவும், தொழிலாளர் பாதுகாப்புக்குச் சட்ட பலமுள்ள ஒப்பந்தம் போடவும் அவ்வளவு உயிர் தேவைப்பட்டது.

கொரியர்களின் சுற்றுவழி வங்கதேசத்தில் வேர்விட்டதற்குக் காரணம், தொழில் தெரிந்தவர்கள் கம்பெனியை விட்டு வெளியே வந்து தனியாக நடக்க முடிந்ததுதான். சட்டை தைக்க நூறு இயந்திரம் போதும். செல்போன் அப்படியில்லை. அதற்கு வேண்டிய முதலும் தொழில்நுட்பமும் ஒரு தனி ஆளின் கைக்கு அடங்காது.

ஸ்ரீபெரும்புதூர் இந்தப் பாடத்தை ஒருமுறை கடுமையாகப் படித்திருக்கிறது. 2006-இல் நோக்கியா அங்கே வந்தது. உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை செய்தார்கள். பெரும்பாலும் சுற்றுவட்டாரப் பெண்கள். வரித் தகராறும் உலகச் சந்தையில் நோக்கியாவின் சரிவும் சேர்ந்துகொள்ள, 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. அதை நம்பியிருந்த பாக்ஸ்கான் ஆலையும் அடுத்த மாதமே கதவைச் சாத்தியது. எட்டு ஆண்டு கோடிக்கணக்கில் போன் செய்த ஊரிலிருந்து, அந்தப் பயிற்சியை வைத்து ஒரு தமிழ்நாட்டு போன் கம்பெனிகூட எழவில்லை.

இப்போது சீனாவிலிருந்து விலகும் அலையில் பாக்ஸ்கான் மறுபடி அங்கே வந்து ஐபோன் செய்கிறது. ஓசூர்ப் பக்கம் டாடா செய்கிறது. தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 2021-22-இல் 186 கோடி டாலர். 2024-25-இல் 1,465 கோடி, அதாவது இந்தியாவின் மொத்த மின்னணு ஏற்றுமதியில் ஏறத்தாழ 40 விழுக்காடு. அசர வைக்கும் எண்தான். ஆனால் ஷிங் கேட்ட கேள்வியை இதனிடமும் கேட்க வேண்டும்: ஒரு போனில் எத்தனை டாலர் இங்கே தங்குகிறது? சிப்பும் திரையும் கேமராவும் வெளியிலிருந்து வரும்வரை அந்த 1,465 கோடியின் பெரும்பகுதி வந்துபோகும் பணம். டாடாவின் ஓசூர் ஆலையில் போனின் வெளிக்கூடு செய்யப்படுவதும், மின்னணுப் பாகங்களுக்கென்று 2025-இல் மத்திய அரசும் மாநில அரசும் தனித்தனித் திட்டம் கொண்டுவந்திருப்பதும் சரியான திசையில் வைத்த அடிகள்.

திருப்பூரின் நிலை நேர் எதிர். பஞ்சு நூலாவது கோவை வட்டார மில்களில்; நிட்டிங், சாயம், பிரின்டிங், கட்டிங், தையல், காஜா, செக்கிங், பேக்கிங் எல்லாம் சில மைல் சுற்றளவில். முதலாளிகள் உள்ளூர்க்காரர்கள், பலர் நேற்று டெய்லராகவோ கட்டிங் மாஸ்டராகவோ இருந்தவர்கள். ஏற்றுமதி ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்தான். ஆனால் அதில் பெரும்பங்கு இங்கேயே தங்குகிறது. சாயமும் இங்கேயே தங்கியது. நொய்யல் செத்து, ஒரத்துப்பாளையம் அணை கழிவுக் குட்டையாகி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு ஊர் மாறியது.

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியச் சரக்குமீது அமெரிக்க வரி 50 விழுக்காடானது. ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்கை அமெரிக்காவுக்கு அனுப்பும் திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன. தைத்து முடித்த சரக்குக்கே தள்ளுபடி கேட்டார்கள் வாங்குபவர்கள். ஸ்ரீபெரும்புதூரில் சலனமில்லை. ஸ்மார்ட்போனுக்கு ஏப்ரலிலேயே விலக்குக் கொடுத்தாகிவிட்டது; காரணம் அது ஆப்பிளின் சரக்கு. நாட்டுக்குள் அதிக மதிப்பைத் தக்கவைக்கும் தொழில் அடிவாங்கியது, குறைவாகத் தக்கவைக்கும் தொழில் தப்பியது. உலக வணிகத்தில் யார் பின்னால் நிற்கிறார்கள் என்பதற்கு இருக்கும் மதிப்பு, என்ன செய்கிறார்கள் என்பதற்கு இல்லை.

சுங்கச்சாவடியே இல்லாத வழி ஒன்றும் இருக்கிறது. மின்வழியாகப் போகும் சேவைகளின் உலக ஏற்றுமதி 2023-இல் 4.25 லட்சம் கோடி டாலர் என்று உலக வணிக அமைப்பு மதிப்பிட்டது. மின்வழிப் பரிமாற்றத்துக்குச் சுங்கவரி இல்லை என்று 1998-இல் எடுத்த முடிவை மாநாட்டுக்கு மாநாடு நீட்டி வந்தார்கள். இந்தியாவின் சேவை ஏற்றுமதி பத்தாண்டுகளுக்கு முன்பு சரக்கு ஏற்றுமதியில் பாதிதான். 2024-25-இல் சரக்கு 43,700 கோடி டாலர், சேவை 38,700 கோடி. உலக வங்கியின் சொந்தக் கணக்கு வழக்கில் ஒரு பகுதியே சென்னைத் தரமணியில் பார்க்கப்படுகிறது. அமெரிக்க மருத்துவமனைகளின் பில்லுக்கு மெடிக்கல் கோடிங் செய்யும் இளைஞர்கள் பழைய மாமல்லபுரம் சாலையில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

இங்கே மதிப்பு தங்குகிறது, வேலைதான் போதவில்லை. தகவல் தொழில்நுட்பத் துறை நேரடியாக வேலை கொடுப்பது 50 லட்சத்துச் சொச்சம் பேருக்கு. நாட்டின் உழைப்பாளர் எண்ணிக்கையோ 50 கோடிக்கு மேல். ஹார்வர்ட் பேராசிரியர் தானி ராட்ரிக் பல ஆண்டுகளாக எச்சரித்துவருவது இதைத்தான்: கொரியாவும் தைவானும் விவசாயக் கூலியை ஆலைக்குள் கொண்டுவந்து பணக்கார நாடுகளாயின, பின்னால் வரும் நாடுகளிலோ ஆலை வேலை செழிக்கும் முன்பே தேயத் தொடங்குகிறது. பத்தாம் வகுப்பு தாண்டாத பெண்ணுக்குத் தையல் மெஷின் திறந்துவிட்ட கதவை, மென்பொருள் திறந்துவிடாது.

வழிகள் மாறும்போது பெரிய நாடுகளாவது பேரம் பேசும். சிறிய நாடுகளுக்கு அந்த வலுவும் இல்லை. ஆப்பிரிக்காவின் லெசோத்தோவில் மக்கள்தொகை சுமார் 23 லட்சம். 2000-இல் அமெரிக்கா ஆப்பிரிக்காவுக்குக் கொடுத்த வரிச்சலுகையை நம்பித் தைவான் முதலாளிகள் அங்கே ஜீன்ஸ் ஆலைகள் போட்டார்கள். அமெரிக்காவுக்கு ஜீன்ஸ் விற்கும், பதிலுக்கு எதையும் பெரிதாக வாங்க வசதியில்லாத அந்த நாட்டுக்கு 2025 ஏப்ரல் 2 அன்று 50 விழுக்காடு வரி அறிவிக்கப்பட்டது. பற்றாக்குறையை இறக்குமதியால் வகுத்துப் பாதியாக்கும் சூத்திரத்தில் வந்த எண் அது. பிறகு 15 ஆகக் குறைந்தது, ஆனால் இடையில் ஆர்டர்கள் போய்விட்டன. ஆடை ஏற்றுமதியில் சுமார் 40 விழுக்காட்டை அமெரிக்காவுக்கு அனுப்பும் இலங்கைக்கு முதலில் 44, பிறகு 30, கடைசியில் 20. கடனிலிருந்து மீள முயன்ற நாடு நான்கு மாதம் அந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. முறையிட ஒரு நீதிமன்றம் இருந்தது: உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டு மன்றம். நடுவர் நியமனத்தை அமெரிக்கா தொடர்ந்து தடுத்ததால் 2019 டிசம்பர் 11 முதல் அங்கே வழக்குக் கேட்கப் போதிய நடுவர்கள் இல்லை. சீனா அமைப்பில் சேர்ந்து சரியாகப் பதினெட்டு ஆண்டு நிறைந்த நாள் அது.

இந்த நிலையில் ஒரு நாடு தன் கையில் இருக்கும் கணக்கையாவது சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பும் உலக வணிக அமைப்பும் சேர்ந்து, ஒவ்வொரு நாட்டின் ஏற்றுமதியிலும் உள்நாட்டில் சேர்ந்த மதிப்பு எவ்வளவு என்ற தரவை 2013 முதல் வெளியிடுகின்றன. ஆனால் அது சில ஆண்டு தாமதமாக வருகிறது. இந்திய வணிக அமைச்சகம் மாதந்தோறும் வெளியிடும் ஏற்றுமதி அறிக்கையில் மொத்தத் தொகைதான் இருக்கிறது. கோத்து அனுப்பிய போனும் நூலிலிருந்து தைத்து அனுப்பிய பனியனும் அங்கே ஒரே டாலராக எண்ணப்படுகின்றன. உள்நாட்டு மதிப்புக்கு அந்த அறிக்கையில் தனிப் பத்தி ஒன்று சேர்க்கப்பட வேண்டும். மானியம் எந்தத் தொழிலுக்கு எவ்வளவு என்ற விவாதத்தை அந்தப் பத்தியிலிருந்து தொடங்கலாம்.